எண்களிலும் கல் பொறுக்க வேண்டும்!

கம்ப்யூட்டர் கணக்கு தவறிய கதைகள்

16 ஆயிரம் பேரைக் காணவில்லை!

2020-ம் ஆண்டு அக்டோபர் மாதம் இங்கிலாந்தில் இப்படி ஒரு பரபரப்பு உண்டாயிற்று.

கொரோனா நோய் உலகத்தையே ஆட்டி வைத்த நேரம் அது. நோய் கண்டவர் யார் யார் என்று தினமும் கணக்கு எடுத்தார்கள். அவர்களோடு பேசியவர் யார், பழகியவர் யார் என்று தேடிப்பிடித்தார்கள். "வீட்டை விட்டு வெளியே வராதீர்கள்" என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். நோய் பரவாமல் தடுக்க அதுதான் வழி.

அந்தக் கணக்கில்தான் 15,841 பேர் விட்டுப்போனார்கள்!

அவர்கள் எங்கும் ஓடிப்போகவில்லை. அவரவர் வீட்டில்தான் இருந்தார்கள். நோய் இருக்கிறது என்று அவர்களுக்குத் தகவலும் போய்விட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேட வேண்டிய இலாகாவுக்கு அவர்கள் பெயர் போய்ச் சேரவில்லை.

செப்டம்பர் 25-ந் தேதி முதல் அக்டோபர் 2-ந் தேதி வரை எட்டு நாட்கள் இப்படி நடந்தது. நோயாளியோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவரும், ஒரே அறையில் வேலை செய்தவரும், தங்களுக்கு ஆபத்து இருப்பதே தெரியாமல் ஊரெல்லாம் சுற்றினார்கள்.

இதற்குக் காரணம் யார்? திருடனா? எதிரியா?

இல்லை. ஒரு சாதாரண கம்ப்யூட்டர் பைல்!

நிரம்பி வழிந்த பாத்திரம்

பரிசோதனைச் சாலைகள் தங்கள் முடிவுகளைச் சாதாரண எழுத்துப் பைல்களாக அனுப்பின. ஒரு வரியில் ஒரு தகவல். தகவலுக்கும் தகவலுக்கும் நடுவே ஒரு கமா. அவ்வளவுதான். இந்த வகைப் பைலில் எத்தனை லட்சம் வரி வேண்டுமானாலும் எழுதலாம்.

அப்போது இங்கிலாந்தின் பொது சுகாதார நிறுவனம் அந்தப் பைல்களை வாங்கி, "எக்செல்" என்ற கணக்குத் தாளில் கொட்டியது. எக்செல் தாளில் பழைய ரகம் உண்டு, புதிய ரகமும் உண்டு. புதிய ரகத்தில் பத்து லட்சம் வரிக்கு மேல் கொள்ளும். பழைய ரகத்தில் 65,536 வரிதான் கொள்ளும்.

அது என்ன 65,536?

இரண்டை இரண்டால் பெருக்குங்கள். வந்த விடையை மறுபடி இரண்டால் பெருக்குங்கள். இப்படிப் பதினாறு இரண்டுகளைப் பெருக்கினால் வருவது 65,536. கம்ப்யூட்டருக்கு இரண்டு இரண்டாகப் பெருக்குவதுதான் பழக்கம். அதனால் அந்தப் பழைய தாளுக்கு அப்படி ஓர் அளவு வைத்திருந்தார்கள்.

அங்கே உபயோகித்தது பழைய ரகம். ஒரு நோயாளிக்குப் பல வரிகள் தேவைப்பட்டன. ஆகவே ஒரு தாளில் சுமார் 1,400 பேர்தான் அடங்கினார்கள். அதற்கு மேல் வந்தவர்கள்?

படி நிறைந்த பிறகும் அரிசியைக் கொட்டினால் என்ன ஆகும்? கீழே சிந்தும். சிந்தினால் கண்ணுக்குத் தெரியும். இங்கேயோ சிந்தியது கண்ணுக்குத் தெரியவில்லை. மணி அடிக்கவில்லை. சிவப்பு விளக்கு எரியவில்லை. மிச்ச வரிகள் சத்தமில்லாமல் விழுந்துவிட்டன.

பின்னால் இரண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் இதன் விளைவைக் கணக்கிட்டார்கள். இந்த ஒரு தவறினால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றியிருக்கும் என்றும், ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயிருக்கும் என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள்.

வந்த வரி எத்தனை? உள்ளே போன வரி எத்தனை? இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளே குட்டு உடைந்திருக்கும். மூட்டைகளை எண்ணி வாங்கி, எண்ணி அடுக்கும் கிட்டங்கிக் கணக்கப்பிள்ளைக்கு இது தெரியும். அந்தக் கம்ப்யூட்டருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எண் அல்ல, எழுத்து!

"கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது" என்று சொல்பவர்கள் உண்டு. கூட்டல், பெருக்கலில் அது தப்புப் பண்ணாது என்பது பெரும்பாலும் சரிதான். ஆனால் எதைக் கூட்டுவது என்று அதற்கு முதலில் புரிய வேண்டுமே!

ஒரு பைலில் 100 என்று எழுதியிருக்கிறது. உங்கள் கண்ணுக்கு அது நூறு. கம்ப்யூட்டருக்கு அது நூறு அல்ல. ஒன்று, சைபர், சைபர் என்ற மூன்று எழுத்துக்கள். "அம்மா" என்பதில் எழுத்துக்கள் இருப்பது போலத்தான் இதுவும்.

ஒவ்வோர் எழுத்துக்கும் கம்ப்யூட்டரிடம் ஒரு ரகசிய எண் உண்டு. சைபர் என்ற எழுத்துக்கு 48. ஒன்றுக்கு 49. இரண்டுக்கு 50. ஆகவே பைலில் உள்ள "100" அதற்கு 49, 48, 48 என்றுதான் தெரியும்!

இந்த எழுத்துக்களை எண்ணாக மாற்றுவது எப்படி?

முதல் எழுத்து 1. அதை வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து சைபர் வருகிறது. கையில் இருப்பதைப் பத்தால் பெருக்கி, வந்ததைக் கூட்ட வேண்டும். 10 ஆகிவிடும். மறுபடி சைபர். மறுபடி பத்தால் பெருக்கிக் கூட்டினால் 100. வரி முடிந்தது. எண்ணும் கிடைத்துவிட்டது.

இந்த வேலையைச் செய்யும்படி கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளைக்குத்தான் புரோகிராம் என்று பெயர்.

மாற்ற மறந்துவிட்டால் வேடிக்கைதான்! பத்தையும் இருபதையும் சேர்க்கச் சொன்னால், சில புரோகிராம்கள் 30 என்று சொல்லாது. 10-க்குப் பக்கத்தில் 20-ஐ ஒட்டி "1020" என்று சொல்லும். 9, 20, 100 என்ற மூன்றையும் வரிசைப்படுத்தச் சொன்னால் 100, 20, 9 என்று அடுக்கும். அகராதியில் முதல் எழுத்தைப் பார்த்துத்தானே அடுக்குகிறோம்? அது போல!

1,640 ரூபாய் 202 ஆன கதை

ஒரு மளிகைக் கடைக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பையன் அன்றைய வரவைக் கம்ப்யூட்டரில் எழுதி வைக்கிறான்.

அரிசி: 1,250

பருப்பு: 180 ரூ.

எண்ணெய்: 21O

சர்க்கரை: ஒன்றும் எழுதவில்லை

புளி: ஒரு சிறு கோடு

எண்ணெய்க்கு நேரே கூர்ந்து பாருங்கள். கடைசியில் இருப்பது சைபர் அல்ல. இங்கிலீஷில் உள்ள வட்டமான "ஓ" எழுத்து. பையன் அவசரத்தில் தட்டிவிட்டான்.

நீங்கள் கூட்டினால் 1,250-ம் 180-ம் 210-ம் சேர்ந்து 1,640 வரும். "சர்க்கரைக்கும் புளிக்கும் எவ்வளவு தம்பி?" என்று பையனைக் கேட்பீர்கள்.

கம்ப்யூட்டர் என்ன செய்யும்? அது புரோகிராமைப் பொறுத்தது. புரோகிராம்களில் இரண்டு ரகம் உண்டு. வீட்டு வேலைக்காரர்களிலும் இரண்டு ரகம் உண்டு அல்லவா? சந்தேகம் வந்தால் எஜமானனைக் கேட்பவன் ஒரு ரகம். தானே ஊகித்து எதையாவது செய்துவிட்டு வாயைத் திறக்காதவன் இன்னொரு ரகம்.

"சி" என்ற கம்ப்யூட்டர் மொழியில் எண் படிக்கும் பழைய கட்டளை ஒன்று உண்டு. அது இரண்டாவது ரகம். எண் அல்லாத எழுத்து வந்தவுடனே அது நின்றுவிடும். அதுவரை படித்ததை மட்டும் விடையாகக் கொடுக்கும். 1,250-ல் கமாவைக் கண்டதும் நின்று 1 என்று சொல்லும். 180-ஐச் சரியாகப் படிக்கும். எண்ணெயில் "ஓ" எழுத்தைக் கண்டதும் நின்று 21 என்று சொல்லும். வெற்றிடத்துக்கும் கோட்டுக்கும் சைபர் என்று சொல்லும்.

கூட்டினால் 202!

ஆயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய் கண் எதிரே இருநூற்று இரண்டாகிவிட்டது. கேட்டால் கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்பார்கள்!

"பைதான்" என்ற மொழி முதல் ரகம். முன்னும் பின்னும் வெற்றிடம் இருந்தால் பொறுத்துக்கொள்ளும். ஆனால் கமாவையோ, "ரூ." என்பதையோ, "ஓ" எழுத்தையோ கண்டால் "இது எண் இல்லை" என்று சொல்லி வேலையை நிறுத்திவிடும். பார்ப்பதற்கு இது பெரிய தொல்லையாகத் தெரியும். உண்மையில் அதுதான் நல்ல வேலைக்காரன்.

பைதானுக்குத் தமிழ் எண்களும் தெரியும்! ௧௨௩ என்று கொடுத்தால் 123 என்று சரியாகப் படித்துவிடும். ஆனால் பத்து என்பதற்கு நம் முன்னோர் எழுதிய ௰ என்ற குறியைக் கொடுத்தால் அது நின்றுவிடும். ஏனென்றால் அது ஒற்றை இலக்கம் அல்ல. பத்து என்பதற்கே உள்ள தனிக் குறி.

ஊருக்கு ஊர் கமா

"கமாவை எல்லாம் எடுத்துவிட்டால் போயிற்று" என்று நினைக்கலாம். அங்கேதான் அடுத்த பள்ளம்!

நம் நாட்டில் பன்னிரண்டு லட்சத்தை 12,00,000 என்று எழுதுகிறோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1,200,000 என்று எழுதுவார்கள். கமாவை எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான். இதில் வம்பு இல்லை.

ஜெர்மனியில் கதையே வேறு. அங்கே கமாதான் தசமப் புள்ளி! "1,500" என்று ஒரு ஜெர்மானியர் எழுதினால் ஒன்றரை என்று பொருள். ஆயிரத்து ஐந்நூறை அவர் "1.500" என்று எழுதுவார். ஒன்றரைக் கிலோ மருந்து ஆயிரத்து ஐந்நூறு கிலோ ஆகிவிட்டால்?

ஆகவே பைல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். கேட்காமல் கமாவைத் தொடக்கூடாது.

சைபரா, வெற்றிடமா?

"தெரியாது" என்பது வேறு, "ஒன்றும் இல்லை" என்பது வேறு. மனிதருக்கு இந்த வித்தியாசம் தெரியும். கம்ப்யூட்டருக்குச் சொன்னால்தான் தெரியும்.

வெயில் அளக்கும் நிலையங்களில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு நாள் அளக்க முடியாமல் போனால் அந்த இடத்தில் 999 என்றோ 9999 என்றோ போட்டு வைப்பார்கள். "இன்று அளவு இல்லை" என்பதற்கு அது அடையாளம்.

மூன்று நாள் வெயில் 30, 32, 31 டிகிரி. நாலாவது நாள் 999. விவரம் தெரியாத புரோகிராம் நாலையும் கூட்டி நாலால் வகுக்கும். சராசரி வெயில் 273 டிகிரி என்று சொல்லும்! தண்ணீர் கொதிப்பதற்கே 100 டிகிரி போதும்.

அந்த 999-ஐ எடுத்துவிட்டு மூன்றால் வகுத்தால் சராசரி 31. அதுதான் சரி. அதற்குப் பதில் 999 இருந்த இடத்தில் சைபர் போட்டால்? 23 டிகிரிக்குச் சற்று மேல் வரும். 273 என்றால் பார்த்தவுடன் சிரிப்பு வரும்; தப்பு என்று தெரிந்துவிடும். 23 என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆகவே சைபர்தான் பெரிய ஆபத்து!

ஜீன் பெயர் தேதியானது

சில சமயம் புரோகிராமே அதிகப் பிரசங்கித்தனம் செய்வதும் உண்டு.

மனித உடலில் உள்ள ஜீன்களுக்கு விஞ்ஞானிகள் சுருக்கப் பெயர் வைத்திருந்தார்கள். "செப்ட் 2" என்று ஒரு ஜீன். "மார்ச் 1" என்று ஒரு ஜீன். இந்தப் பெயர்களை எக்செல் தாளில் எழுதினால் அது உடனே, "ஓகோ, தேதியா!" என்று நினைத்துக்கொண்டு செப்டம்பர் 2, மார்ச் 1 என்று மாற்றிவிடும்.

2016-ம் ஆண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், ஜீன் பட்டியலை எக்செல் தாளில் இணைத்து வெளியான ஆராய்ச்சிக் கட்டுரைகளைச் சோதித்தார்கள். சுமார் ஐந்துக்கு ஒரு கட்டுரையில் இந்தத் தப்பு இருந்தது!

கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? 2020-ம் ஆண்டு ஜீன்களின் பெயரையே மாற்றினார்கள். "செப்ட் 2", "செப்டின் 2" ஆயிற்று. 2023-ல்தான் அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்க எக்செலில் வழி செய்தார்கள்.

செவ்வாயில் விழுந்த கலம்

எழுத்து சரி. கமா சரி. எண்ணும் சரி. அப்படியும் தவறு வருமா?

வரும்!

1998-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்கா செவ்வாய் கிரகத்துக்கு ஒரு கலத்தை அனுப்பியது. ஒன்பது மாதம் அது விண்வெளியில் பிரயாணம் செய்தது. வழியில் கலத்தின் திசையைச் சரிசெய்யச் சிறிய எந்திரங்களை அடிக்கடி இயக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு உந்தியது என்பதை ஒரு புரோகிராம் கணக்கிட்டுப் பைலில் எழுதியது. இன்னொரு புரோகிராம் அந்தப் பைலைப் படித்து, கலம் எங்கே போகிறது என்று கணக்கிட்டது.

எழுதிய புரோகிராம் "பவுண்டு" கணக்கில் எழுதியது. படித்த புரோகிராம் "நியூட்டன்" கணக்கு என்று நினைத்துப் படித்தது. ஒரு பவுண்டு விசை என்பது ஏறக்குறைய நாலரை நியூட்டன்.

முழத்தில் அளந்ததைக் கஜத்தில் வாங்கியது போல் ஆயிற்று!

1999-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி கலம் செவ்வாயை நெருங்கியது. 226 கிலோ மீட்டர் உயரத்தில் போக வேண்டியது, சுமார் 57 கிலோ மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டது. அதன் பிறகு அதனிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. சுமார் பன்னிரண்டரைக் கோடி டாலர் கலம் போயே போயிற்று.

பைலில் இருந்த எண்ணில் ஓர் எழுத்துக்கூடத் தப்பு இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய அளவுதான் தவறிவிட்டது.

கல் என்று நினைத்தது அரிசி!

இதுவரை சொன்னது எல்லாம் கல்லை அரிசி என்று நினைத்த கதை. அரிசியைக் கல் என்று நினைத்த கதையும் உண்டு. அது இன்னும் பெரிய கதை.

பூமிக்கு மேலே வானத்தில் "ஓசோன்" என்ற வாயு இருக்கிறது. சூரியனிடமிருந்து வரும் கெட்ட கதிர்களை அது தடுத்து நிறுத்துகிறது. அது இல்லாவிட்டால் தோலில் புற்றுநோய் பெருகும். கண் கெடும். பயிர் பச்சை வாடும்.

அந்த ஓசோன் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு கருவி உண்டு. அதைக் கண்டுபிடித்த டாப்சன் என்ற விஞ்ஞானியின் பெயரிலேயே அளவும் ஏற்பட்டது. 300 டாப்சன் என்றால், தலைக்கு மேல் உள்ள ஓசோனை எல்லாம் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால் மூன்று மில்லி மீட்டர் கனம்தான் இருக்கும். இவ்வளவு மெல்லிய குடைதான் உலகத்தைக் காக்கிறது!

தென் துருவப் பகுதியில், பனிக்கட்டியின் மேல், ஹாலி என்ற இடத்தில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1950-களிலிருந்தே ஓசோனை அளந்து வந்தார்கள். அளவுகளைக் கையால் தாளில் எழுதி வைத்தார்கள். தாள்கள் குவிந்துகொண்டே போயின.

1977-ல் ஜோனதன் ஷாங்க்ளின் என்ற இளைஞர் அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த வேலை என்ன? குவிந்து கிடந்த தாள்களில் உள்ள எண்களைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவது. புரோகிராமைச் சரிபார்ப்பது. பெரிய கௌரவமான வேலை அல்ல. பொறுமை வேண்டிய வேலை.

எண்களை ஏற்றி, தப்புக்களைத் திருத்தி, வருஷவாரியாக வைத்துப் பார்த்தார். வசந்த காலத்தில் ஓசோன் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது!

"கருவி பழசாகிவிட்டதோ?" என்று சந்தேகம் வந்தது. வேறு கருவி கொண்டுபோய் அளந்தார்கள். அதுவும் குறைவு என்றே காட்டியது. அறுபதுகளில் அக்டோபர் மாதத்தில் 300 டாப்சன் அளவில் இருந்தது, 1984-ல் 200 அளவுக்கு வந்துவிட்டது.

ஜோசப் பார்மன், பிரையன் கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய மூவரும் 1985-ம் ஆண்டு மே மாதம் "நேச்சர்" பத்திரிகையில் இதை வெளியிட்டார்கள். உலகம் திடுக்கிட்டது.

வானத்துக் கண் ஏன் சொல்லவில்லை?

அப்போது எல்லோரும் ஒரு கேள்வி கேட்டார்கள்.

1978-ம் ஆண்டு முதல் அமெரிக்காவின் "நிம்பஸ் 7" என்ற செயற்கைச் சந்திரன் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஓசோனை அளக்க அதில் அருமையான கருவி இருந்தது. தென் துருவத்தையும் அது பார்த்தது. அது ஏன் சொல்லவில்லை?

பார்த்தது. அளந்தது. எண்ணையும் அனுப்பியது. ஆனால் அந்த எண்களைப் படித்த புரோகிராமில் ஒரு கட்டளை இருந்தது. "180 டாப்சனுக்குக் குறைந்தால் சந்தேகம் என்று அடையாளம் போடு" என்பதே அந்தக் கட்டளை. அவ்வளவு குறைவாக ஓசோன் இருக்கும் என்று அதை எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை.

அது தப்பான கட்டளையா? இல்லை. கருவி பழுதானால் குறைந்த எண் வரத்தான் செய்யும். கல் பொறுக்க வேண்டியது அவசியம்தான். ஆனால் இந்தத் தடவை கல் என்று ஒதுங்கியது கல் அல்ல. அதுதான் உண்மை!

"கம்ப்யூட்டர் அந்த எண்களைக் குப்பையில் எறிந்துவிட்டது" என்று பலர் எழுதினார்கள். இன்றும் பலர் அப்படிச் சொல்வதுண்டு. அது சரியல்ல. எறியவில்லை. அடையாளம் மட்டும் போட்டு வைத்தது.

1984-ல் அமெரிக்க விஞ்ஞானிகளே அந்த அடையாளங்களைக் கவனித்தார்கள். "ஏன் இவ்வளவு சந்தேகக் குறி? அதுவும் ஒரே இடத்தில், ஒரே மாதத்தில்!" என்று வியந்தார்கள். தென் துருவத்தில் தரையில் இருந்த நிலையத்தின் கணக்கோடு ஒப்பிட்டார்கள். அந்த நிலையம் 300 என்று சொல்லியிருந்தது. குழப்பம் அதிகமாயிற்று. அந்த நிலையத்தின் கணக்குத்தான் தவறு என்று பின்னால் தெரிந்தது!

1985 ஆகஸ்டு மாதம் பி. கே. பார்தியா என்ற நாசா விஞ்ஞானி பிராக் நகரில் நடந்த மாநாட்டில் இதை வெளியிட்டார். ஒதுக்கி வைத்த எண்களைக் கொண்டே படம் வரைந்தார்கள். ஒரு கண்டம் அளவுக்கு ஓசோன் குடையில் ஓட்டை!

எண்களை அன்றைக்கே அழித்திருந்தால் அந்தப் படம் எப்படிக் கிடைத்திருக்கும்?

பிறகு நடந்தது நல்ல கதை. குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான் டப்பாக்களிலும் உபயோகித்த ஒரு வகை ரசாயனமே ஓட்டைக்குக் காரணம் என்று தெரிந்தது. 1987-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த ரசாயனங்களைப் படிப்படியாக நிறுத்தினார்கள். ஓசோன் இப்போது மெல்ல மெல்லத் தேறி வருகிறது. தென் துருவத்தில் 2066-ம் ஆண்டு வாக்கில் 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்பது ஐ.நா. விஞ்ஞானிகளின் மதிப்பீடு.

இத்தனைக்கும் தொடக்கம், தாளில் இருந்த எண்களைப் பொறுமையாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிய ஓர் இளைஞரின் வேலை!

முறத்தடி ஞானம்

எண் பைலைச் சுத்தம் செய்பவர்கள் இன்று சில விதிகளைக் கைக்கொள்கிறார்கள். அவை கடினமானவை அல்ல.

வந்த பைலை அப்படியே பத்திரமாக வைக்க வேண்டும். திருத்தம் எல்லாம் நகலில்தான் செய்ய வேண்டும்.

வந்த வரியையும், உள்ளே போன வரியையும், ஒதுக்கிய வரியையும் எண்ண வேண்டும். கணக்கு இடிக்கக்கூடாது.

ஓரத்து வெற்றிடத்தை நீக்கலாம். "ரூ." போன்ற ஒட்டுக்களை நீக்கலாம். கமாவை, ஊர் தெரிந்த பிறகு நீக்கலாம்.

எண்ணாக மாறாததைச் சைபர் ஆக்கக்கூடாது. எத்தனையாவது வரி, என்ன எழுதியிருந்தது என்று குறித்துத் தனியே வைக்க வேண்டும்.

எண் என்றால் எந்த அளவு என்று கேட்க வேண்டும். பவுண்டா, நியூட்டனா? கிலோவா, கிராமா?

டெலிபோன் நம்பர் போன்றவற்றை எண்ணாகவே மாற்றக்கூடாது. அவற்றை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. மாற்றினால் முன்னால் இருக்கும் சைபர் போய்விடும்.

நம்ப முடியாத எண் வந்தால் அடையாளம் போட வேண்டும். அழிக்கக்கூடாது. அதைவிட முக்கியம், அடையாளம் போட்டதை யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கடைசி விதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வீட்டில் பாட்டி அரிசி புடைக்கும்போது கவனித்திருப்பீர்கள். கல் என்று தோன்றியதை அவள் உடனே தெருவில் வீசுவதில்லை. முறத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பாள். எல்லாம் முடிந்த பிறகு, ஒதுக்கி வைத்ததை உள்ளங்கையில் போட்டுக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பாள். நாலு மணி அரிசி அதில் கிடைக்கும். அதையும் பானையில் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.